பழைய வீட்டுச் சுவர்த்தாள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்களில் பலருக்குக் கிடைப்பது பழைய செங்கல் வீடு. ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்து வரிசை வீடுகளில் நிறைய விக்டோரியா, எட்வர்டு காலத்தவை. ஹாரோ, வெம்பிளிப் பக்கத்து இரட்டை வீடுகளில் நிறைய இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் எழுந்தவை. சாவி கைக்கு வந்த வாரமே சுவரைச் சுரண்டத் தொடங்கிவிடுகிறோம். பழைய வீடுகளின் உள்சுவர் வேலையில் இருப்பதால் என்னிடம் ஒரே சந்தேகங்கள் மறுபடி மறுபடி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். சுரண்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

வால்பேப்பர் எப்ப வந்தது? விக்டோரியா ராணி காலத்திலயா?

அதற்கு முந்நூறு வருடம் முன்பே வந்துவிட்டது. இங்கிலாந்தில் இன்றுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது கேம்பிரிட்ஜ் கிரைஸ்ட்ஸ் கல்லூரியில் 1911-இல் கண்டெடுத்த தாள். கல்லூரித் தலைவரின் இல்லத்தில், கூரை உத்தரங்களில் ஒட்டியிருந்தது. மாதுளை போன்ற பெரிய பூவேலை. மரக்கட்டையில் செதுக்கிக் கறுப்பு மையில் அச்சடித்தது. எட்டாம் ஹென்றி பட்டமேறிய 1509-ஆம் ஆண்டின் அரச அறிவிப்பு அச்சான காகிதத்தின் பின்பக்கத்தைத்தான் இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த அறிவிப்பை வைத்துத்தான் காலத்தைக் கணித்தார்கள்.

அந்தக் காலத்தில் தாள் சிறு சிறு துண்டாகவே கிடைத்தது. பெட்டிக்குள்ளும் அலமாரிக்குள்ளும் ஒட்டுவார்கள். சிலர் சுவருக்கும் ஒட்டினார்கள்.

அப்ப அதுக்கு முன்னாடி சுவரை வெறுமனே விட்டிருந்தாங்களா?

வசதியானவர்கள் சித்திரம் நெய்த கம்பளித் திரைகளைத் தொங்கவிட்டார்கள், இல்லையென்றால் ஓக் பலகை அடித்தார்கள். அடுத்த நிலையில் இருந்தவர்கள் அந்தத் திரையைப் போலவே வண்ணம் தீட்டிய துணியை மாட்டிக்கொண்டார்கள். குளிருக்கும் அது உதவியது. தாள் இந்த வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்தது. கேம்பிரிட்ஜ் தாளின் மாதுளைப் பூவேலையே பட்டு டமாஸ்க் துணியைப் பார்த்து வரைந்ததுதான்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை. சுவர்த்தாளின் வரலாற்றில் பெரும்பகுதி, தன்னைவிட விலை கூடிய ஒரு பொருளாகத் தாள் வேடம் போட்ட வரலாறு. எந்த நூற்றாண்டில் எதைப் பார்த்து வேடம் போட்டது என்று தெரிந்தால் பாதி அடையாளம் தெரிந்துவிடும்.

மாளிகைகளில வெல்வெட் மாதிரி சிவப்புச் சுவர் பார்த்தோம். தொட்டுப் பார்த்தால் தாள் என்கிறார்கள். எப்படிச் செய்தார்கள்?

அதன் பெயர் ஃபிளாக். கம்பளித் துணி ஆலையில் மயிர் கத்தரிக்கும்போது விழும் தூளை நன்றாகப் பொடித்துச் சாயம் ஏற்றுவார்கள். தாளில் பூவேலையை மைக்குப் பதிலாக மெதுவாக உலரும் எண்ணெய்ப் பசையில் அச்சடித்து, அதன்மேல் அந்தத் தூளைத் தூவுவார்கள். பசை இருக்கும் இடத்தில் மட்டும் தூள் பிடித்துக்கொள்ளும். உலர்ந்ததும் வெட்டுவேலை செய்த வெல்வெட் போலவே இருக்கும். அசல் வெல்வெட்டை அந்துப்பூச்சி தின்னும். பசையில் இருந்த டர்ப்பண்டைன் காரணமாக இதைப் பூச்சி அண்டாது என்பது கூடுதல் லாபம்.

1735 வாக்கில் லண்டன் வைட்ஹாலில் அரசு அலுவலகத்துக்கே பெரிய பூவேலை போட்ட கருஞ்சிவப்பு ஃபிளாக் ஒட்டினார்கள். 1754-இல் பிரெஞ்சு அரசவையின் மேடம் டி பொம்பதூர் வெர்சாய் அரண்மனையில் ஆங்கில ஃபிளாக்கை ஒட்டச் செய்தார். மலிவு மாற்றாகத் தொடங்கியது கடைசியில் அரண்மனைக்குள் போய்விட்டது.

வால்பேப்பருக்கு வரி இருந்ததாமே, நிஜமா?

நிஜம்தான். ஆன் ராணி காலத்தில், 1712-இல், அச்சடித்த அல்லது வண்ணம் தீட்டிய தாளுக்குச் சதுர கெஜத்துக்கு ஒரு பென்னி வரி போட்டார்கள். பிறகு அது உயர்ந்தது, 1836-இல்தான் நீக்கினார்கள். வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டுச் சுவரிலேயே வண்ணம் தீட்டி வரியைத் தவிர்த்தவர்களும் உண்டு.

பழைய வீட்டுக்காரருக்கு இந்த வரி பெரிய உதவி. வரி கட்டிய தாளின் பின்பக்கம் அரசு முத்திரை விழுந்திருக்கும். உரிந்து வந்த துண்டின் முதுகில் அந்த முத்திரை தெரிந்தால் அது 1836-க்கு முந்தையது. அதற்குமேல் கையை வைக்காமல் நிறுத்திவிடுங்கள்.

'இந்தியா பேப்பர்' என்று ஒரு மாளிகையில வழிகாட்டி சொன்னார். நம்ம ஊரிலிருந்தா போனது?

இல்லை, அது சீனத் தாள். கேண்டன் துறைமுகத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முழுக்கக் கையால் வரைந்தது. மரம், பறவை, மலர் என்று அறையைச் சுற்றிலும் ஒரே தோட்டமாக ஓடும். வரைந்தது திரும்ப வராது. யார்க்ஷயர் நாஸ்டெல் மாளிகையில், மரச்சாமான் செய்து பெயர் பெற்ற தாமஸ் சிப்பண்டேல் 1771-இல் வாங்கிக்கொடுத்த தாள் இன்றும் இருக்கிறது. ஹேர்வுட் மாளிகையில் அவரே 1769-இல் ஒட்டியதை 19-ஆம் நூற்றாண்டில் வெட்டி எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டார்கள். 1988-இல் அது மறுபடி கண்ணில் பட்டு, இப்போது சுவருக்குத் திரும்பிவிட்டது. லீட்ஸ் நகரத்து டெம்பிள் நியூசம் மாளிகையில் இன்னொரு சுவையான கதை: சீனத் தாளில் பறவைகள் போதவில்லை என்று லேடி ஹெர்ட்ஃபோர்டு, ஆடுபனின் அமெரிக்கப் பறவை ஓவியப் புத்தகத்திலிருந்து படங்களைக் கத்தரித்து ஒட்டினார். அந்தப் புத்தகம் இன்று என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்கள் அந்தச் சுவர் முன் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்துத் தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய சீட்டித் துணிக்கு 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரும் மோகம். சாமுவேல் பீப்ஸ் 1663 செப்டம்பரில் தன் மனைவியின் அறைச் சுவருக்கு இந்தியச் சீட்டி வாங்கியதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உள்ளூர் நெசவாளர்கள் கிளர்ந்ததால் 1721-இல் சட்டம் போட்டு அச்சுப் பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடுத்தார்கள். துணிக்குத்தான் தடை, அதன் கொடியும் பூவும் தாளில் ஏறிப் படுக்கையறைகளுக்குள் போயின. இன்று 'இங்கிலீஷ் காட்டேஜ்' என்று நாம் நினைக்கும் சின்னப் பூக்கொடித் தாள்களுக்குள் நம் கரையின் கைவேலை இருக்கிறது. வழிகாட்டிகள் இதைச் சொல்வது குறைவு. சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

பிரான்ஸில சுவர் முழுக்க ஒரே காட்சியா ஒட்டுவாங்களாமே?

ஆம். ஒரு தோட்டமோ துறைமுகமோ அறையைச் சுற்றி வரும், எங்கும் திரும்ப வராது. அல்சாஸ் பகுதியில் ரிக்ஸ்ஹைம் ஊரில் உள்ள சூபெர் ஆலை இதில் பெயர் பெற்றது. 1807-இல் அவர்கள் 'இந்துஸ்தான்' என்ற தொகுதியை வெளியிட்டார்கள். ஆங்கில ஓவியர்களான தாமஸ், வில்லியம் டேனியல் ஆகியோர் இந்தியாவில் சுற்றி வரைந்த காட்சிகளைத் தழுவியது. 1834-இல் வந்த 'வட அமெரிக்கக் காட்சிகள்' அமெரிக்க வெள்ளை மாளிகையின் வரவேற்பறை ஒன்றில் இருக்கிறது. மேரிலாந்தில் இடிக்கப்படவிருந்த வீட்டிலிருந்து பெயர்த்து, ஜாக்குலின் கென்னடி காலத்தில், 1961-இல் ஒட்டினார்கள். நல்ல வேலையாள் இருந்தால் தாளைச் சுவரிலிருந்து உயிரோடு எடுக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

பாரிஸில் ரெவேயோன் என்ற தாள் ஆலைக்காரர் இருந்தார். 1783-இல் மோன்கோல்ஃபியே சகோதரர்களின் பலூனை அலங்கரித்தது அவர் ஆலைதான். 1789 ஏப்ரலில் கூலியைக் குறைக்கப்போகிறார் என்று வதந்தி கிளம்பி, கூட்டம் அவர் ஆலையைச் சூறையாடியது. பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டீல் சிறைக்கோட்டை விழுந்தது அதற்கு மூன்று மாதத்துக்குள்.

விக்டோரியன் வீட்டில மட்டும் ஏன் எல்லா அறையிலும் தாள்? சின்ன வீட்டிலகூட இருக்கே?

இயந்திரம் வந்ததும் வரி போனதும்தான் காரணம். 1830 வரை இங்கிலாந்தில் நீளமான ஒரே சுருள் காகிதத்தில் சுவர்த்தாள் அச்சடிக்க அனுமதி இல்லை. தனித் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டித்தான் சுருள் செய்தார்கள். பிறகு 1839-இல் லங்காஷயரின் டார்வென் ஊரில் பாட்டர் நிறுவனத்தார் நீராவியில் ஓடும் உருளை அச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1834-இல் பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் சுருள் அச்சானது. 1860-இல் கிட்டத்தட்ட 90 லட்சம். விலை கெஜத்துக்குக் கால் பென்னிவரை இறங்கியது. கூலிக்காரர் வீட்டுப் படுக்கையறைக்கும் ரோஜாப்பூ வந்தது அப்படித்தான்.

அப்போது வந்த டிசைன்களில் நிழலும் பளபளப்பும் போட்டு நிஜப் பூ போலத் தோன்ற வைப்பது வழக்கம். கட்டடக் கலைஞர்களான பியூஜின், ஓவன் ஜோன்ஸ் போன்றோர் இதை எதிர்த்தார்கள்: சுவர் தட்டையானது, அதன்மேல் வரும் பூவேலையும் தட்டையாகவே இருக்க வேண்டும் என்றார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பியூஜின் வரைந்த தாள்கள் அந்தக் கொள்கைக்கு உதாரணம்.

எங்க வீடு 1890-ல கட்டினது. அப்ப வில்லியம் மோரிஸ் டிசைன் ஒட்டினா அந்தக் காலம் அப்படியே வந்துடும்தானே?

மோரிஸ் 19-ஆம் நூற்றாண்டின் பெயர் பெற்ற ஆங்கில வடிவமைப்பாளர். அவர் தாள் அழகுதான், ஒட்டுங்கள். ஆனால் உங்கள் தெருவில் 1890-இல் அது இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவர் முதலில் வரைந்தது 1862-இல், தன் வீட்டு ரோஜாப் பந்தலை வைத்து. அதில் உள்ள பறவைகளை வரைந்தவர் அவர் நண்பர் பிலிப் வெப். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் மோரிஸ் தாள்களை லண்டன் ஜெஃப்ரி நிறுவனம் மரக்கட்டையால் கையச்சாகவே போட்டது. 1875-இல் வந்த 'அகாந்தஸ்' ஒன்றுக்கே முப்பது கட்டைகள் வேண்டியிருந்தன. அந்த விலை வரிசை வீட்டுக்காரருக்கு எட்டாது. மோரிஸே ஹாமர்ஸ்மித்தில் தன் வீட்டுப் பெரிய அறைக்குத் தாள் ஒட்டவில்லை, கம்பளி நெசவுத் துணியைத்தான் தொங்கவிட்டார்.

சாதாரண வீட்டில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் சில்வர் ஸ்டூடியோவின் வேலையைப் பாருங்கள். 1880-இல் தொடங்கி 1963 வரை ஆலைகளுக்கு டிசைன் வரைந்து விற்ற லண்டன் நிறுவனம் அது. அவர்களுடைய தொகுப்பு மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் கணிப்பில், நம்மவர்கள் வாழும் தெருக்களின் உண்மையான முகம் அங்கேதான் தெரியும்.

பச்சைத் தாளில் விஷம் இருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு. என்ன செய்வது?

பயத்துக்கு அடிப்படை உண்டு. 1775-இல் ஷீலே என்ற வேதியியலாளர் செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த பச்சை நிறத்தைக் கண்டுபிடித்தார். பின்னால் அதைவிடப் பளிச்சென்ற எமரால்டு பச்சையும் வந்தது. இரண்டும் 19-ஆம் நூற்றாண்டுத் தாள்களில் ஏராளமாகச் சேர்ந்தன. வேறு நிறங்களிலும் கலந்தார்கள் என்பதால் 'எங்கள் தாள் பச்சை இல்லையே' என்று நிம்மதி அடைய முடியாது. ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தால் ஆர்செனிக் வாயு கிளம்பும் என்று இத்தாலியரான கோசியோ 1890-களில் காட்டினார். அந்த வாயு எவ்வளவு கேடு என்பதில் பின்னால் கருத்து மாறியது. உதிரும் தூள் கேடு என்பதில் மாற்றம் இல்லை. மோரிஸின் தொடக்ககாலத் தாள் ஒன்றிலும் ஆர்செனிக் இருந்தது 2003-இல் உறுதியானது. அவர் குடும்பச் செல்வம் வந்த டெவன் சுரங்கம் ஆர்செனிக்கும் எடுத்தது. பிரிட்டனில் தடைச் சட்டம் வரவே இல்லை. வாங்குபவர்கள் பயந்து ஒதுங்கியதால் ஆலைகளே மாற்றிக்கொண்டன.

மேலே நாலு அடுக்குத் தாளும் பெயிண்டும் மூடியிருக்க, கீழே பழைய தாள் அமைதியாக இருந்தால் கலைக்காமல் விடுவதே பாதுகாப்பு. எடுத்தே ஆக வேண்டுமென்றால் உலர்ந்த நிலையில் தேய்க்கவோ உப்புத்தாள் போடவோ வேண்டாம். சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்துவிட்டு, தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதையும் அப்போதே சேர்த்துச் சோதித்துக்கொள்ளலாம்.

எங்கட ஹோலில இடுப்பளவுக்குத் தடிப்பா, பூ எழும்பின மாதிரி ஒண்டு ஒட்டியிருக்கு. அது பிளாஸ்டிக்கோ?

பெரும்பாலும் லின்க்ரஸ்டா அல்லது அனாக்ளிப்டா. தரைக்குப் போடும் லினோலியத்தைக் கண்டுபிடித்த ஃபிரெடரிக் வால்டன்தான் 1877-இல் லின்க்ரஸ்டாவையும் கொண்டுவந்தார். ஆளி விதை எண்ணெயைக் கெட்டியாக்கி, நிரப்புப் பொடி கலந்து, அச்சு உருளையில் அழுத்தியது. செதுக்கிய மரம், தோல் போல வேடம் போடும். இரண்டாம் பதிலில் சொன்ன அதே கதை. தட்டினால் கெட்டியாகச் சத்தம் வரும். அனாக்ளிப்டா பிறகு வந்த இலேசான, மலிவான தாள்கூழ் வகை. அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கும்.

1870, 80-களில் சுவரை மூன்றாகப் பிரிப்பது நாகரிகம்: கீழே டேடோ, நடுவில் பூத்தாள், மேலே ஃபிரீஸ் பட்டை. ஆள் நடமாட்டமும் குடையும் பெட்டியும் உரசும் ஹாலில் டேடோவுக்கு உறுதியான சரக்கு தேவைப்பட்டது. பல வீடுகளில் அது நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது. தயவுசெய்து பிடுங்காதீர்கள், அடுக்கடுக்கான பெயிண்டைக் கவனமாக நீக்கினாலே பூவேலையின் கூர்மை திரும்பிவிடும்.

ஆர்ட்டெக்ஸும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆர்ட்டெக்ஸ் பூச்சு, தாள் கிடையாது. 2000-க்கு முன் பூசியதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதிக்காமல் சுரண்ட வேண்டாம்.

ஹாரோவில 1930-கள் வீடு வாங்கியிருக்கோம். அதுக்கு எது பொருந்தும்?

விக்டோரியன் பூந்தோட்டத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். அந்தக் காலத்தில் வெந்த ஓட்ஸ் நிறத்தில் சொரசொரப்பான தாளைச் சுவர் முழுக்க ஒட்டி, மேல் ஓரத்திலும் மூலையிலும் இலையுதிர்கால இலை, பழக்கொத்து என்று கத்தரித்த பட்டைகளை வைத்து அலங்கரித்தார்கள். கோணக்கோணமான ஆர்ட் டெகோ பட்டைகளும் உண்டு. நிறம் அடக்கமாக இருக்கும், ஓரத்தில் மட்டும் ஆரஞ்சோ பச்சையோ எட்டிப் பார்க்கும்.

1950-களின் தாள் எல்லாம் 'வரலாறு' ஆகுமா?

கட்டாயம் ஆகும். 1951 பிரிட்டன் திருவிழாவுக்காகக் கேம்பிரிட்ஜின் ஹெலன் மெகா என்ற படிகவியல் அறிஞர் ஆலோசனை சொல்ல, இன்சுலின், ஹீமோகுளோபின் போன்றவற்றின் படிக அமைப்பு வரைபடங்களைத் துணியிலும் சுவர்த்தாளிலும் ஏற்றினார்கள். வெல்வெட்டையும் மரத்தையும் பார்த்து வேடம் போட்டுவந்த தாள், எக்ஸ்ரே ஆய்வுக்கூடத்திலிருந்து டிசைன் எடுத்துக்கொண்டது! எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது. 1960-களில் கழுவக்கூடிய வினைல் வந்தது. 70-களில் பெரிய ஆரஞ்சு, பழுப்பு வட்டங்கள்.

மரத்தூள் ஒட்டின மாதிரி வெள்ளைத் தாள் எல்லா அறையிலும் இருக்கு. அது எந்தக் காலம்?

வுட்சிப். ஜெர்மனியின் ஹியூகோ எர்ஃபுர்ட் 1864-இல் உருவாக்கியது, ஆனால் உங்கள் சுவரில் இருப்பது பெரும்பாலும் 1970-களில் காரை விரிசலை மறைக்க ஒட்டியது. வரலாற்று மதிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நாலைந்து அடுக்கு இருக்கு. எது எந்தக் காலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பெரிய சுவரை விட்டுவிட்டு மறைவிடங்களைப் பாருங்கள்: மாடிப்படிக்குக் கீழ் அலமாரி, சுவரோடு பொருத்திய அலமாரியின் உட்புறம், ஸ்விட்ச் பலகையின் பின்பக்கம் (மின்சாரத்தை அணைத்துவிட்டு), அடுப்புச் சட்டத்தின் ஓரம். அங்கே அடுக்குகள் கலையாமல் இருக்கும்.

பிறகு தாளைக் கையில் பிடித்துப் பாருங்கள். குறுக்கே சீரான இடைவெளியில் ஒட்டு இருந்தால் 1830-க்கு முந்தைய முறை. வண்ணம் தடித்து, சுண்ணாம்பு போல மேலெழுந்து, ஓரத்தில் ஊசிக்குத்துப் புள்ளி தெரிந்தால் கட்டை அச்சு. மெல்லிய நீர்த்த வண்ணம், விளிம்பில் மட்டும் கோடு போலத் திரண்டிருந்தால் உருளை அச்சு. பழுப்பேறி நொறுங்கும் தாள் மரக்கூழில் செய்தது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி அல்லது அதற்குப் பிறகு. கந்தல் துணியில் செய்த பழைய தாள் இன்றும் வளையும். வரி முத்திரை பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

அடியில் நாளிதழ் கிடைத்தால் உடனே அந்தத் தேதியைச் சுவரின் தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தேதிக்குப் பிறகு ஒட்டினார்கள் என்பது மட்டுமே உறுதி. கேம்பிரிட்ஜ் தாளுக்கும் இதே விதிதான்.

அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடு. சொந்த வீட்டில தாளை உரிக்கவும் அனுமதி வேணுமா?

வேண்டியிருக்கலாம். பாதுகாப்புப் பட்டியல் வெளிச்சுவரோடு நிற்பதில்லை, உள்ளே உள்ளதையும் சேர்த்துத்தான். பழைய தாளை அகற்றுவது கட்டடத்தின் தன்மையை மாற்றும் என்று கருதினால் ஒப்புதல் கேட்பார்கள், மீறினால் குற்றம். கவுன்சிலின் பாதுகாப்பு அலுவலருக்கு நிழற்படத்தோடு முதலில் எழுதுங்கள். பட்டியலில் இல்லாத வீட்டுக்கு இந்தத் தடை இல்லை.

புதுசா ஒட்டும்போது பழைய சுவருக்கு வினைல் நல்லதுதானே? கழுவலாமே?

பழைய வீட்டின் வெளிச்சுவர் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத செங்கல், உள்ளே சுண்ணாம்புக் காரை. சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வினைல் அந்த வழியை அடைத்துவிடும்; பின்னால் பூஞ்சை பிடிக்கும், காரை உதிரும். காகிதத் தாளும் சாதாரண ஸ்டார்ச் அல்லது செல்லுலோஸ் பசையும் போதும்.

அடியில கிடைத்த டிசைனையே புதுசா அச்சடித்து வாங்கினோம், ஆனா மங்கலா இருக்கே. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று இல்லை. நீங்கள் கொடுத்த மாதிரித் துண்டே வெளிச்சத்தில் வெளுத்தது, அதைப் பார்த்து அச்சடித்தால் வெளுப்புதான் வரும். அசல் நிறம் வேண்டுமென்றால் வெயில் படாத துண்டு தேவை: மடிந்து மூலைக்குள் போன ஓரம், அலமாரிக்குப் பின்னால் இருந்தது, இன்னொரு தாளுக்கு அடியில் நல்ல நிலையில் இருந்தது. விக்டோரிய காலத்து நிறங்கள் நாம் கற்பனை செய்வதைவிட மிகத் துணிச்சலானவை. முதல் தடவை பார்ப்பவர்கள் 'இது இந்தியக் கலர் போல இருக்கே' என்பார்கள்.

டிசைன் ஒரு தடவை முழுதாகத் திரும்பி வரும் அளவுக்குத் துண்டு கிடைத்தால்தான் சரியாக நகல் எடுக்க முடியும். அதனால் எதை உரித்தாலும் ஒவ்வோர் அடுக்கிலும் பெரியதாக ஒரு துண்டை அமிலமற்ற உறையில் போட்டு, எந்த அறை, எந்தச் சுவர் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். வீட்டை விற்கும்போது அந்த உறையையும் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.